தாவர விஞ்ஞானி டாக்டர் இ.கே. ஜானகி அம்மாள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லை முடிகிற இடத்தில் கோபாலபுரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சித்தூர், தத்தமங்கலம் பக்கத்து அன்பர்களுக்கு அந்த ஊரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1980-ஆம் ஆண்டு வாக்கில் வணிகவரித் துறைச் சோதனைச் சாவடியில் எனக்கு அங்கே பணி. இரவெல்லாம் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். கத்தரி, வெண்டை, தக்காளி, பூசணி, வாழைத்தார் என்று கேரளத்துக்குப் போகிற சரக்கில் பாதி சமையலறைச் சரக்குதான். ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் உட்கார நேரம் இருக்காது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரிச் சாவடிகள் எடுபட்டுவிட்டன. காய்கறி லாரிகள் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த நாட்களில் எல்லையின் இரு புறத்து டீக்கடைகளிலும் ஒரே பேச்சு, சைலன்ட் வேலி பற்றியதுதான். பாலக்காடு மாவட்டத்து மழைக்காட்டில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சார அணை கட்டலாமா கூடாதா என்று சண்டை. மின்சாரம் வந்தால் மலபாரில் தொழில் வளரும் என்று ஒரு கட்சி. காடு போனால் திரும்பி வராது என்று இன்னொரு கட்சி. காட்டுக்காகப் பேசிய விஞ்ஞானிகளின் பெயர்களைப் பத்திரிகையில் படித்தபோது டாக்டர் ஜானகி அம்மாள் என்ற பெயர் கண்ணில் பட்டது. கும்பகோணத்துப் பக்கத்து மாமி யாரோ என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டேன். தாவரவியலில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிய நான் அப்படிப் புரட்டியதை எண்ணி இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஏனென்றால் கோவையில் நான் படித்த 1968 முதல் 1971 வரையிலான மூன்று ஆண்டுகளில், பாடப் புத்தகத்திலோ வகுப்பிலோ அந்தப் பெயரைக் கேட்டதாக நினைவில்லை. கோவைக் கரும்பு பற்றிச் சொன்னார்கள். சர் டி.எஸ். வெங்கடராமன் அவர்களைப் பற்றிச் சொன்னார்கள். நம் விழாக்களிலும் அவர் பெயரைப் பெருமையுடன் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ஆராய்ச்சி நிலையத்தில் அவர் காலத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்மணியின் கதை நம் அன்பர்கள் பலருக்குத் தெரியாது. அவர் நம் சமூகத்தவர் அல்லர். ஆயினும் நம் இதழில் அவர் கதை வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். மலபாரின் தீயர் சமூகம். தந்தை திவான் பகதூர் இ.கே. கிருஷ்ணன் சப் ஜட்ஜாக இருந்தவர். தோட்டம், பறவைகள், புத்தகங்கள் என்று பல விஷயங்களில் ஈடுபாடு உள்ளவர். அவருக்கு முதல் மனைவியிடம் ஆறு பிள்ளைகள், இரண்டாவது மனைவி தேவி அம்மாளிடம் பதின்மூன்று பிள்ளைகள். அந்தப் பதின்மூன்றில் பத்தாவது ஜானகி. தாய்வழிப் பாட்டனார் ஜான் சைல்ட் ஹானிங்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. பத்தொன்பது பிள்ளைகள் இருந்த அந்தப் பெரிய வீட்டைச் சுற்றி ஒரு பெரிய தோட்டமும் இருந்தது. தாவர ஆசை அங்கே தொடங்கியிருக்க வேண்டும்.

தலச்சேரியில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிரசிடென்ஸி கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலையும் கிடைத்தது. சகோதரிகளுக்கு ஒவ்வொன்றாகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்த காலம். இவருக்கும் வரன் பேச்சு நடந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை வந்தது. இவர் கப்பல் ஏறினார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இந்த இடத்தில் சொந்த விஷயம் ஒன்று சொல்ல அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். என் அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். அவளுக்குச் செடி கொடிகளில் இருந்த ஈடுபாட்டில் கால்வாசி எனக்கு இல்லை. ஆனால் பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே ஜாதகம் வெளியே போய்விட்டது. பி.எஸ்ஸி. படித்தவன் நான். எண்பதை நெருங்கும் அவள் இன்றும் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கத்தரி பயிரிடுகிறாள். கத்தரிப் பூவில் எது காய்க்கும், எது உதிரும் என்று பூத்த அன்றே சொல்லிவிடுவாள். சூல்தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு வெளியே தலைநீட்டும் பூக்கள்தாம் நன்றாகக் காய் பிடிக்கும், உள்ளே குட்டையாக நிற்கும் பூக்கள் உதிர்ந்துவிடும் என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அவள் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஜானகி அம்மாளின் ஆராய்ச்சி வாழ்விலும் கத்தரிக்கு முக்கிய இடம் உண்டு. மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்று ஊர் திரும்பி மீண்டும் சென்னையில் பாடம் நடத்தியவர், மறுபடியும் அங்கே சென்று 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிகாண்ட்ரா என்ற செடியின் குரோமோசோம்களைப் பற்றியது ஆய்வேடு. கூடவே கத்தரிச் செடியிலும் வேலை செய்தார். 1934-இல் ஜப்பானிலிருந்து வெளிவரும் சைட்டோலஜியா இதழில், கத்தரியில் குரோமோசோம்கள் பன்மடங்காவது குறித்து இவர் எழுதிய கட்டுரை வந்தது.

குரோமோசோம் என்றால் என்ன என்று அறிவியல் படிக்காத அன்பர்கள் மலைக்க வேண்டாம். ஒவ்வொரு உயிரணுவின் கருவிலும் நூல் போன்ற சில துண்டுகள் உண்டு. பெற்றோரின் குணங்கள் அவற்றில்தான் பதிந்திருக்கின்றன. கத்தரிக்கு அவை 24. பன்னிரண்டு தாயிடமிருந்து, பன்னிரண்டு தந்தையிடமிருந்து. தக்காளிக்கும் 24, மிளகாய்க்கும் 24, நம் சுண்டைக்காய்க்கும் 24. நாம் சாப்பிடும் உருளைக்கிழங்குக்கு மட்டும் இரு மடங்கு, 48. எல்லாம் ஒரே குடும்பம். இவற்றுள் தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தவை. அதனால்தான் நம் வீட்டுத் திவசச் சமையலில் மிளகாயைத் தொடாமல் மிளகைப் போடுகிறோம். கொலம்பஸைக் கேள்விப்படாத நம் பாட்டிமார்கள் எது வந்த பயிர், எது சொந்தப் பயிர் என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

செடி விதை வைப்பதற்கு முன் இந்த 24 சரிபாதியாகப் பிரிய வேண்டும். சில சமயம் பிரிவதில் கோளாறு ஏற்பட்டு 36 உள்ள செடி பிறக்கும். 36 என்பது மூன்று பன்னிரண்டு. மூன்றை இரண்டு பங்காக ஒழுங்காகப் போடுவது எப்படி? ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். ஆகவே விதை சரியாகப் பிடிக்காது. நம் பாலக்காட்டு நேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம், பழம் முழுக்கக் கல் போன்ற விதைகள். நேந்திரன், பூவன், ரஸ்தாளி ஆகியவற்றுக்கு 33. விதையில்லாமல் நாம் உரித்துச் சாப்பிடுவதற்கும், வாழையை விதை போட்டு வளர்க்காமல் பக்கக் கன்று பிரித்து நடுவதற்கும் இந்தக் கணக்குத்தான் பெரிய காரணம். கன்று பிரித்து நட்டால் தாய் எப்படியோ அப்படியே பிள்ளை. புது ரகம் வேண்டுமென்றால் மட்டும் விதை வேண்டும், விதை வேண்டுமென்றால் குரோமோசோம் கணக்குத் தெரிய வேண்டும். எந்தச் செடியை எதனுடன் சேர்க்கலாம், சேர்த்தால் பிறப்பது மலடா இல்லையா என்று முன்கூட்டிச் சொல்ல அன்று அதைவிட நல்ல வழி இல்லை.

எண்ணுவது எளிதல்ல. கல்லூரியில் வெங்காய வேரின் நுனியை நறுக்கி, சாயத்தில் இட்டு, லேசாகச் சூடு காட்டி, கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துக் கட்டை விரலால் நசுக்கிப் பார்ப்போம். வெங்காயத்துக்கு 16 தான். நான் ஒரு மத்தியானம் முழுவதும் எண்ணி 14 என்றும் 17 என்றும் எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜானகி அம்மாள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது கரும்பு. அதன் குரோமோசோம்கள் நூறையும் தாண்டும்.

திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியையாக இருந்துவிட்டு, கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு மரபியல் வல்லுநராக வந்தார். அந்த நிலையம் 1912-இல் தொடங்கப்பட்டது. கரும்பு எல்லா இடத்திலும் பூத்து விதை வைப்பதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூக்கும் என்பதால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்டர் பார்பரும் வெங்கடராமனும் சேர்ந்து நல்ல கரும்பையும் ஆற்றங்கரையில் தானாக வளரும் பேய்க்கரும்பையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். 1918-இல் வெளியான அந்த ரகம் வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. தித்திப்பு ஒரு பெற்றோரிடமிருந்து, குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை மற்றதிடமிருந்து. அன்பர்கள் இன்று காபியில் போடும் சர்க்கரையில் அந்தப் பேய்க்கரும்பின் பங்கும் உண்டு.

கலப்பு பலித்தது. ஆனால் உயிரணுவுக்குள் நடந்தது என்ன? ஏன் சில கலப்புகள் பலிக்கின்றன, சில பலிப்பதில்லை? இந்தக் கேள்விக்கு மைக்ராஸ்கோப்பில் விடை தேடியவர் ஜானகி அம்மாள். பேய்க்கரும்பு பார்வைக்கு ஒரே புல்லாக இருந்தாலும் ஊருக்கு ஊர் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது என்பதை அறிந்து, எங்கிருந்து எடுத்த செடி எது என்று கணக்கிட்டார். கரும்பை அதன் தூரத்து உறவுப் புற்களுடன் கலந்து பார்த்தார். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பிறந்த கலப்பினச் செடியைப் பற்றி 1938-இல் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் எழுதினார். தர்ப்பை என்று நம்மில் பலர் வீட்டில் பயன்படுத்தும் புற்களில் ஒன்றான இம்பெராட்டாவுடன்கூடக் கரும்பைச் சேர்த்தார். இவற்றில் எதுவும் நேராக ஆலைக்குப் போகிற கரும்பு அல்ல. உறவு எவ்வளவு தூரம் வரை செல்லுபடியாகும் என்று அளந்து பார்க்கும் வேலை அது. சர் சி.வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935-லேயே இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் கோவையில் அவருக்கு நிம்மதி இல்லை. தனியாக வாழ்ந்த பெண், பிற்பட்டதாகக் கருதப்பட்ட சமூகம், அயல்நாட்டு டாக்டர் பட்டம். இம்மூன்றும் சேர்ந்து ஆண் சகாக்கள் மத்தியில் அவருக்குத் தொல்லைகளைத் தந்தன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அரசாங்க ஆய்வகங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். யார் என்ன செய்தார்கள், யார் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று இன்று விசாரணை நடத்த முடியாது, எனக்கு அதில் ஆசையும் இல்லை. ஆனால் நம் பெருமைக்குரியவர்களின் பட்டியலை அச்சிடும் பக்கங்களிலேயே இதுவும் அச்சேற வேண்டும் என்று நினைக்கிறேன். நானும் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். ஒருவரை ஒதுக்க யாரும் சத்தம் போட வேண்டியதில்லை, காகிதத்தை ஒரு வாரம் தாமதித்தால் போதும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு நடந்தது. அதற்குச் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே யுத்த மேகம் சூழ்ந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் யுத்தம் தொடங்கிவிட்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனை ஒட்டி மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-இல் வேலை கிடைத்தது. அங்கே சிரில் டார்லிங்டன் என்ற பெரிய மரபியல் நிபுணர் இருந்தார். இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும்போது கட்டிலுக்கு அடியில் படுப்பதும், காலையில் ஆய்வகத்துக்குப் போய் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வதுமாக ஐந்து வருஷங்கள். இந்தியாவிலிருந்து ஒளித்து எடுத்துப் போன ஓர் அணில்பிள்ளையும் துணைக்கு இருந்தது. கபோக் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். இலவம்பஞ்சைக் குறிக்கும் சொல் அது.

1945-இல் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து வெளியிட்ட நூல், பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். அதில் கதை கிடையாது, விளக்கம் கிடையாது. குடும்பம் குடும்பமாகச் செடிகளின் பெயர், எதிரே குரோமோசோம் எண்ணிக்கை, அது எந்தப் பகுதிச் செடி என்ற குறிப்பு. ரயில்வே அட்டவணையைப் போல இருக்கும். ஆனால் மா, எலுமிச்சை, ஆப்பிள், முட்டைக்கோசு, வெள்ளரி என்று எந்தப் பயிரில் புது ரகம் உண்டாக்க முனைபவரும் முதலில் இந்தப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. எண்ணிக்கை ஒத்தவை சேரக்கூடும், ஒவ்வாதவை சேர்ந்தால் பெரும்பாலும் மலடு. ஆண்டுக்கணக்கில் மகரந்தம் தடவி ஏமாறுவதற்குப் பதில் ஒரு பக்கத்தைப் பார்த்துத் திட்டமிடலாம்.

கத்தரியில் ஒட்டு விதை எடுப்பவர்களைப் பார்த்த அன்பர்களுக்கு இந்த ஏமாற்றத்தின் விலை புரியும். முதல் நாள் மாலை, விரியப் போகும் மொட்டைத் திறந்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பூவைக் காகிதப் பையால் மூட வேண்டும். மறுநாள் காலை வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி மீண்டும் மூட வேண்டும். ஒரு பூவுக்கு இவ்வளவு. உறவு ஒத்துவராவிட்டால் அத்தனையும் வீண். கத்தரிக்கும் சுண்டைக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் கலப்பு எளிதில் கைகூடுவதில்லை என்பதால்தான், இப்போது வாடல் நோய் உள்ள நிலங்களுக்குச் சுண்டை வேர்ச்செடியின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டித் தருகிறார்கள். எண்ணிக்கை மட்டுமே எல்லாம் அல்ல, ஆனால் எண்ணிக்கை தெரியாமல் தொடங்க முடியாது.

யுத்தம் முடிந்ததும் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்துத் தோட்டத்தில் சேர்ந்து 1951 வரை பணியாற்றினார். அங்கே கோல்ச்சிசின் என்ற மருந்தில் நிறைய வேலை செய்தார். உயிரணு பிரியும்போது இரட்டிப்பாகும் குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரிந்து போகாமல் இந்த மருந்து தடுத்துவிடும். 38 உள்ள செடியில் 76 ஆகிவிடும். இலை தடிக்கும், பூ பெருக்கும், மலட்டுக் கலப்பினத்தில் சில சமயம் விதை பிடிக்கும். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே சரக்குதான், ஆகவே அதைத் தோட்டத்தில் வைத்திருப்பவர்கள் குழந்தைகளை அண்டவிடக் கூடாது. ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் இந்த மருந்தைத் தடவினார். அப்படி வளர்ந்த மரங்கள் விஸ்லியின் பாட்டில்ஸ்டன் குன்றில் வசந்த காலத்தில் வெள்ளையாகப் பூக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு மக்னோலியா கோபஸ் ஜானகி அம்மாள் என்றே பெயர். கருப்பு மல்பெரிப் பழ மரத்தின் பூர்வீகத்தைப் பற்றியும் அவர் 1948-இல் எழுதினார். அந்த மரத்துக்கு 308 குரோமோசோம். எண்ணிப் பார்த்தவர் பொறுமைக்கு நமஸ்காரம்.

பண்டித நேரு அழைத்ததன் பேரில் 1951-இல் தாயகம் திரும்பினார். 1952 அக்டோபரில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் சிறப்புப் பணி அலுவலர் பதவி. 1890-இல் வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய அந்தத் துறை, செடிகளைப் பறித்து உலர்த்தி லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பும் பழக்கத்தில் ஊறியிருந்தது. இந்தியச் செடிகளை இந்தியர்களே இந்தியாவிலேயே ஆராய வேண்டும் என்பது இவர் கருத்து. அந்த அளவுக்கு மாற்ற முடியாமல் போனது குறித்து அவருக்கு மனவருத்தம் உண்டு. அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பிலும், பிறகு ஜம்முவிலும், சிறிது காலம் டிராம்பேயிலும் இருந்தார். அரசுப் பணி விவரங்களை இதற்கு மேல் விரிக்கவில்லை, மாற்றல் உத்தரவுகளின் பட்டியல் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் ருசிக்கும்.

ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் மனத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டதைச் சொல்ல வேண்டும். அசாமில் ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடி 37 மைல் போனார். போய்ப் பார்த்தால் அந்த மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. அதிக உணவு விளைவிக்க வேண்டும் என்ற வேகத்தில் காடுகள் அழிக்கப்பட்ட காலம் அது. 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றியிருக்கிறான் என்பது பற்றி நடந்த பெரிய கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். இந்தியாவின் மலைவாசிகளும் சிறு விவசாயிகளும் உண்டு வாழும் பயிர்களைப் பற்றிப் பேசினார். புதிய ரகம் உண்டாக்குகிறவர் கடைசியில் காட்டுச் செடியிடம்தான் போய் நிற்க வேண்டும். நோய் தாங்கும் குணம் காட்டுக் கத்தரியிடம் இருக்கிறது, குளிர் தாங்கும் குணம் பேய்க்கரும்பிடம் இருக்கிறது. காட்டை எரித்துவிட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? பயிர்களை ஆராய்ந்தவர் காட்டுக்காக ஏன் பேசினார் என்று 1980-இல் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது.

1956-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பத்மஸ்ரீ விருது 1977-இல், அவருக்கு எண்பது வயது நெருங்கியபோது வந்தது. 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மதுரவாயலில் இருந்த அதன் வயல் ஆய்வகத்திலேயே மருந்துச் செடிகளை வளர்த்துக்கொண்டு வாழ்ந்தார். மஞ்சள் புடவை, எளிய சாப்பாடு, சுற்றிலும் பூனைகள். அந்த வயதில் சைலன்ட் வேலியின் மரங்களுக்குக் குரோமோசோம் கணக்கு எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினார். ஒருவேளை அணை வந்து காடு மூழ்கினாலும், அங்கே என்ன இருந்தது என்ற கணக்காவது மிஞ்சட்டும் என்று எண்ணினாரோ என்னவோ, அது என் ஊகம்.

1983-இல் எனக்குச் சென்னைக்கு மாற்றல். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பஸ்ஸில் மதுரவாயலைத் தாண்டிப் போவேன். இறங்கி விசாரித்திருந்தால் பார்த்திருக்கலாம். 1984 பிப்ரவரி 7 அன்று அந்த ஆய்வகத்திலேயே அவர் காலமானார். அணைத் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டே கைவிடப்பட்டிருந்தது. 1984 நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை.

இந்த விவரங்களையெல்லாம் அக்காவுக்குப் போனில் சொன்னேன். கோவையில் பட்ட தொல்லைகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அணில்பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்டாள். பிறகு, தன் சென்னை நாட்களில் மதுரவாயல் தோட்டத்தைத் தெரிந்திருந்தால் ஒரு நாற்றாவது கேட்டு வாங்கியிருப்பேன் என்றாள்.

கொடைக்கானலில் வாழும் வீரராகவன், கிரிஜா தம்பதியர் ரோஜாவில் புதிய ரகங்களை உருவாக்குபவர்கள். வீரராகவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். அவர்கள் உருவாக்கிய இளமஞ்சள் ரோஜா ஒன்றுக்கு, அம்மையாரின் புடவை நிறத்தை நினைத்து, இ.கே. ஜானகி அம்மாள் என்று பெயரிட்டிருக்கிறார்கள். விதை போட்டால் அதே ரோஜா வராது. வேர்ச்செடியின் பட்டையைக் கீறி, கண்ணை உள்ளே பதித்து, நாடா சுற்றிக் கட்டித்தான் பெருக்க வேண்டும். அக்காவின் மாடியில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது. ஒட்டுச்செடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வருகிறேன்.